காரத்துக்குப் பட்டன் இல்லை

அண்ணே, கையில் வச்சிருக்கீங்களே, அது ஐபோன்தானே? மறைக்காதீங்க, பின்னாடி மூணு கண்ணு தெரியுது. உங்களைத் திட்டலை. உங்க காசு, உங்க போன். ஆனா மதுரை வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போறீங்க, நான் அந்தப் போனைத் திட்டப்போறேன். காதில் விழும். முன்கூட்டியே சொல்லிட்டேன்.

என் பேர் மாரீஸ். மாரீஸ்வரன். ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு செல்போன் கடையில் வேலை. பதினொன்னாம் வகுப்பு பாதியில் நின்னுட்டேன். ஏன் ஏன்னு ஊரே கேட்டுச்சு. கெமிஸ்ட்ரி வரலை, அவ்வளவுதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காளே, அது என் தங்கச்சி முத்தரசி. பதினாறு வயசு. பிறந்தப்போ மூளைக்குக் காத்து போகலைன்னு டாக்டருங்க சொன்னாங்க. கால் சரியா நிக்காது, கை நடுங்கும், வாயில் வார்த்தை வராது. பார்த்தீங்கல்ல, தூக்கித்தான் பஸ்ஸில் ஏத்தினேன். மத்தபடி எல்லாம் புரியும். எட்டாவது வரைக்கும் நான்தான் சைக்கிளில் வச்சுப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன். எழுதப் படிக்கத் தெரியும். காது ரொம்பக் கூர்மை. இப்ப நாம பேசுறதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கா. வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி நடிப்பு.

எதுக்கு மதுரைக்குப் போறோம் தெரியுமா? அவ கையில் இருக்கிற அந்த ஐபோனைக் குடுத்துட்டு ஒரு நல்ல ஆண்ட்ராய்டு வாங்கப் போறோம். ஏய், என்னை அப்படிப் பார்க்காதே. கவர் வாங்கித் தரேன்னு சொன்னது உன்னை பஸ்ஸில் ஏத்துறதுக்கு. இப்ப ஏறியாச்சு, தெரிஞ்சாச்சு. எப்படியும் தெரியத்தானே வேணும்?

ஆரம்பிச்சுட்டா பாருங்க. தட்ட ஆரம்பிச்சுட்டா. விடுங்க, ஒரு வரி தட்ட அவளுக்குக் கல்லுப்பட்டி வந்துடும்.

அண்ணே, நான் தினமும் இந்த ரெண்டு போனையும் பார்க்கிறவன். டெம்பர் கிளாஸ் ஒட்டுறது, சிம் மாத்துறது, புதுப் போனுக்கு எல்லாத்தையும் ஏத்திக் குடுக்கிறது, அதான் என் வேலை. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு யாராவது கேட்டா ஒரே பேச்சுதான் சொல்வேன். ஆண்ட்ராய்டு சொந்த வீடு. ஐபோன் வாடகை வீடு. பெரிய வீடுதான், டைல்ஸ் போட்ட வீடுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா சுவத்தில் ஒரு ஆணி அடிக்கணும்னா ஓனரைக் கேக்கணும்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் ஒரு ஆப் இல்லையா, கவலையே இல்லை. கூட்டாளி வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்புவான், அமுக்கினா 'தெரியாத இடத்திலிருந்து வருது, பரவாயில்லையா'ன்னு கேக்கும், பரவாயில்லைன்னா ஏறிடும். நம்ம போன், நம்ம இஷ்டம். ஐபோனில் அதெல்லாம் நடக்காது. அவன் கடை ஒண்ணுதான் கடை. அந்தக் கடையில் இல்லாதது உலகத்திலேயே இல்லை. உள்ளே வரணும்னா அவன் பார்த்து, சோதிச்சு, சரின்னு சொல்லணும். சொந்த போனில் நமக்கு வேணுங்கிறதைப் போட நமக்கு உரிமை இல்லை. இது என்ன நியாயம்? யாரு நீ, எனக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ண?

உண்மையையும் சொல்லணும்ல. பிளே ஸ்டோரில் குப்பையும் கிடக்கு. ஒரு டார்ச் லைட் ஆப் தேடினா ஐம்பது வந்து நிக்கும், அதில் பாதியைத் திறந்தா விளம்பரம். கண்ட லிங்கையும் அமுக்கி போனைக் கெடுத்துக்கிட்டு எங்க கடைக்கு அழுதுக்கிட்டு வரவங்க உண்டு. அதுக்காக? தெருவில் நாய் இருக்குன்னு வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்டு நம்மளை உள்ளே வைப்பாங்களா?

சரி, விஷயத்துக்கு வரேன். அரசிக்கு இதுக்கு முன்னாடி ஒரு ஆண்ட்ராய்டு குடுத்திருந்தேன். பால்பாண்டின்னு ஒரு கூட்டாளி, பாலிடெக்னிக் படிக்கிறான். அவனை நச்சரிச்சு நச்சரிச்சு ஒரு ஆப் செய்ய வச்சேன். பேச்சுப்பெட்டின்னு பேர் வச்சோம். வரிசையா படம். தண்ணிப் படத்தை அமுக்கினா 'தண்ணி வேணும்'னு பேசும். தட்டுப் படத்தை அமுக்கினா 'சாப்பாடு'. யாரு குரல்? என் குரல். ஒவ்வொரு பட்டனுக்கும் நானே பேசிப் பதிவு பண்ணினேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமா ஃபேனை நிறுத்திட்டு, வேர்த்து வடிய வடிய. எனக்கு அப்போ குரல் உடையிற சமயம். அதனால 'தண்ணி' கீச்சுன்னு இருக்கும், பின்னாடி பேசின 'நன்றி' கட்டைக் குரலில் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. 'பொம்பளைப் பிள்ளைக்கு ஆம்பளைக் குரலாடா'ன்னு. சிரிக்கட்டும். மூணு வருஷம் என் தங்கச்சி என் குரலில்தான் பேசினா. இந்தப் பஸ்ஸில் எத்தனை அண்ணன்காரன் தங்கச்சிக்குக் குரல் குடுத்திருக்கான்? கேட்டுப் பாருங்க.

முதல் பட்டன் 'அண்ணா'. அதை அமுக்கினா என் குரலே என்னைக் கூப்பிடும். எங்க இருந்தாலும் ஓடி வருவேன்.

எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சு வச்சேன். எதை வைக்கணும், எதை வைக்கக்கூடாதுன்னு. முதலில் 'வேணாம்'னு ஒரு பட்டன் வச்சேன். எடுத்துட்டேன். பின்ன என்ன, எதைக் குடுத்தாலும் அதையே அமுக்கிக்கிட்டு இருந்தா. இட்லி, வேணாம். குளிக்க வா, வேணாம். அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மில்லுக்கு விடியுமுன்ன போயிடும். அப்பா லாரியில் வடக்கே போனா இருபது நாள் ஆகும். வீட்டில் நான் ஒருத்தன், நான் எப்ப அவளைக் கிளப்பி, எப்ப கடை திறக்க? 'சரி' பட்டன் மட்டும் வச்சேன். பிரச்சனை தீர்ந்துச்சு.

அந்த ஆப்பைத் தவிர வேறெதுவும் திறக்காத மாதிரி போனைப் பூட்டியும் வச்சேன். பிளே ஸ்டோருக்குத் தனியா ஒரு பாஸ்வேர்ட், எனக்கு மட்டும் தெரிஞ்சது. சின்னப் பிள்ளை, கண்டதையும் இறக்கிடுவா. அவ நல்லதுக்குத்தானே?

தட்டி எழுதினதை வாசிச்சுப் பேசுற ஆப் ஆண்ட்ராய்டில் ஏற்கனவே இருக்குமேன்னு கேக்குறீங்க. இருக்கு. நிறையவே இருக்கு, தமிழே பேசும். நான்தான் போடலை. நான் பேசி வச்சிருக்கும்போது அவளுக்கு அது எதுக்கு?

எல்லாம் ஒழுங்காப் போயிட்டிருந்தது. எங்க குருசாமி மாமா வந்து கெடுத்தார். அம்மாவோட கூடப் பிறந்தவர், கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். அரசி பெரிய மனுஷி ஆனப்போ கொரோனா. சடங்கு வைக்க முடியலை. தாய்மாமன் சீர் செய்யாமப் போச்சேன்னு அவருக்கு நாலஞ்சு வருஷமா ஒரே புலம்பல். இந்தச் சித்திரையில் குடும்பத்தோட வந்து இறங்கிட்டார். ஏழு தட்டு. பட்டுப் பாவாடை, வளையல், லட்டு, பழம், பூ, மஞ்சள் குங்குமம். ஏழாவது தட்டில் வெத்தலை பாக்கு மேல ஒரு ஐபோன். மாமன் மாலை போட்டு, போனை எடுத்து அவ மடியில் வச்சார். எங்க அம்மா அழுகுது. நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? வீட்டில் போன்னா அது என் டிபார்ட்மெண்ட். ரீசார்ஜ் முதல் ரிப்பேர் வரை நான்தான். என்னைக் கேக்காம ஒரு போன் எங்க வீட்டுக்குள்ள வருது, அதுவும் ஐபோன்.

மாமா மகள் தீக்ஷா, காலேஜ் படிக்கிறா. அவ அரசி பக்கத்தில் உட்கார்ந்து என்னமோ செட்டிங்ஸில் போய் மாத்தினா. 'இதில் எழுது அரசி, இதை அமுக்கு, அது வாசிக்கும்'னு காட்டிக் குடுத்தா. அரசி ஒத்தை விரலால தட்டுறா. வீடே அவளைச் சுத்தி நிக்குது. தட்டுறா, அழிக்கிறா, தட்டுறா. எனக்குப் பொறுமையே போச்சு. 'ஏன் பிள்ளையைப் படுத்துறீங்க, பழைய போனில் ஒரு அமுக்கு அமுக்கினா முடிஞ்சுது'ன்னு கத்தினேன். மாமா 'பொறுடா மாப்பிள்ளை'ங்கிறார். கடைசியில் அமுக்கினா. நியூஸ் வாசிக்கிற மாதிரி ஒரு பொம்பளைக் குரல், வீட்டில் அதுவரைக்கும் யாரும் கேட்காத குரல், சொல்லுது: 'மாமா, லட்டு வேண்டாம். காரம் வேண்டும்.'

கை தட்டினாங்க அண்ணே. அம்மா வாயில் முந்தானையை வச்சுக்கிட்டு அழுதுச்சு. மாமா 'அடியே என் ராசாத்தி, கோயம்புத்தூரில் இருக்கிற மிக்சர் எல்லாம் உனக்குத்தான்'னு குதிக்கிறார். எனக்கு வந்தது பாருங்க கோபம். அவளுக்கு லட்டுதான் பிடிக்கும்! லட்டுப் பட்டன் நான்தான் வச்சேன். மூணு வருஷமா அதை அமுக்கிக்கிட்டுதான் இருந்தா, சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் வாங்கிட்டு வந்தேன். காரத்துக்குப் பட்டனே கிடையாது. பட்டன் இல்லைன்னா வேணாம்னுதானே அர்த்தம்?

சரி, ரெண்டு போனும் இருக்கட்டும்னு விட்டேன். சபையில் எடுத்து வச்ச சீரை ஒதுக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிடுச்சு. மறுநாளே பழைய போன் தண்ணித் தொட்டியில் விழுந்துடுச்சு. எப்படி விழுந்ததுன்னு இன்னைக்கும் புரியலை. போன் இருந்தது ஸ்டூல் மேல, தொட்டி இருக்கிறது பின்வாசல் பக்கம். அவ சுவரைப் பிடிச்சுக்கிட்டு அங்க வரைக்கும் நடந்தே போயிருக்கா. தண்ணி குடிக்கப் போயிருப்பா பாவம், கை நடுங்கியிருக்கும். அரிசியில் போட்டுப் பார்த்தேன், கடையில் பிரிச்சுக் காய வச்சுப் பார்த்தேன். செத்துப்போச்சு. நான் பேசினது அத்தனையும் அதில்தான் இருந்தது. 'கீச்சுத் தண்ணி' போச்சு. நான் அன்னைக்குச் சாப்பிடலை. அவ நல்லாச் சாப்பிட்டா.

பால்பாண்டியைப் போய்ப் பிடிச்சேன். 'டேய், நம்ம பேச்சுப்பெட்டியை ஐபோனுக்கு ஏத்துடா'ன்னேன். சிரிக்கிறான். அதுக்கு ஐபோன்காரன் கம்பெனி கம்ப்யூட்டரே வேணுமாம், வருஷா வருஷம் பணம் கட்டணுமாம், அப்புறம் அவன் கடையில் வைக்க அவன் சரின்னு சொல்லணுமாம். 'நம்ம வீட்டுப் பிள்ளை பேசுறதுக்கு எவனோ சரின்னு சொல்லணுமாடா'ன்னு கேட்டேன். 'ஐபோன்னா அப்படித்தான் மச்சான்'ங்கிறான். ரத்தம் கொதிச்சுது.

சொல்லுங்க அண்ணே, ஒருத்தர் பேசுறதுக்கு இன்னொருத்தன் அனுமதி வேணுமா?

அதிலிருந்து அவ பேச்சு தாங்க முடியலை. மீன்காரர்கிட்ட 'இது நேற்று மீன்'னு சொல்றா. சண்டை. பக்கத்து வீட்டு அக்காகிட்ட 'நீங்கள் என் முன்னால் என்னைப் பற்றிப் பேசாதீர்கள்'னு சொல்றா. அந்த அக்கா ரெண்டு வாரம் எங்க வீட்டுப் பக்கமே வரலை. என்னை என்னன்னு கூப்பிடுறா தெரியுமா? 'டேய் மாரீஸ்.' மூணு வயசு மூத்தவனை! மூணு வருஷம் வாய் நிறைய அண்ணா அண்ணான்னு கூப்பிட்ட பிள்ளை.

இதையெல்லாம்கூட விடுங்க. பிசியோதெரபிக்கு மாசம் ஒருதடவை கூட்டிட்டுப் போவேன். அந்த மேடம் எப்பவும் 'வலி இருக்கா'ன்னு கேப்பாங்க, நான் 'இல்லை மேடம்'னு சொல்வேன். எனக்குத் தெரியாதா, கூடவே இருக்கிறவன். போன மாசம் நான் வாயைத் திறக்குமுன்ன இவ கையைத் தூக்கி நிறுத்தச் சொல்றா. தட்டுறா. அந்தப் பொம்பளைக் குரல் சொல்லுது: 'இடது காலில் வலி. படுத்தால் அதிகம். மூன்று வருடமாக.'

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. 'வலிக்குன்னு ஒரு பட்டன் இருந்தது மேடம், நான் வச்சிருந்தேன்'னு சொன்னேன். இருந்தது அண்ணே, பொய் சொல்லலை. முதல் பக்கத்தில்தான் வச்சேன். எந்நேரமும் அமுக்கிக்கிட்டே இருந்தா. கடையில் இருக்கும்போது அம்மா போன் போட்டு 'வலிக்குதுங்கிறாடா'ன்னு சொல்லும். சும்மா விளையாட்டுக்கு அமுக்குறான்னு நினைச்சு உள்பக்கத்துக்கு மாத்தி வச்சேன். நாலு பக்கம் தள்ளினா வரும். கை நடுங்குற பிள்ளையால தள்ள முடியலைன்னா நான் என்ன செய்ய? 'எந்தப் பக்கத்தில் இருந்தது'ன்னு மேடம் கேட்டாங்க. சொன்னேன். காலுக்கு வேற பெல்ட் எழுதிக் குடுத்தாங்க. இப்ப போட்டிருக்காளே, இதுதான். வலி குறைஞ்சிருக்காம். எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அதுக்கும் ஐபோனுக்கும் என்ன சம்பந்தம்? பெல்ட் எழுதினது மேடம், தைச்சது எவனோ. பேர் மட்டும் ஐபோனுக்கு. எங்க அம்மா அன்னைக்கு அந்தப் போனுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டுச்சு. எனக்கு ஒரு நாளும் சுத்திப் போட்டதில்லை.

அதான் முடிவு பண்ணிட்டேன். மதுரையில் எங்க ஓனருக்குத் தெரிஞ்ச கடை. இதைக் குடுத்துட்டு அருமையான ஆண்ட்ராய்டு வாங்கலாம். பால்பாண்டிகிட்ட ஃபைல் இருக்கு. திரும்ப எல்லாத்தையும் பேசிப் பதிவு பண்ணுவேன். இப்ப குரல் நல்லாத் திடமா இருக்கு. காரத்துக்கும் ஒரு பட்டன் வைக்கிறேன், போ. நான் என்ன கொடுமைக்காரனா?

நான் மட்டும் போய்க் குடுத்துட்டு வந்திருப்பேன். முடியலை. இதைத் திறக்க அவ முகம் வேணும். கணக்கிலிருந்து விடுவிக்கப் பாஸ்வேர்ட் வேணும். அதுவும் அவளுக்கு மட்டும்தான் தெரியும், தீக்ஷா கண்ணை மூடிக்கிட்டு அவளையே போட வச்சுட்டுப் போயிட்டா. கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. அவ பிறந்த தேதி போட்டுப் பார்த்தேன். அம்மா பேர் போட்டுப் பார்த்தேன். என் பேரையும் போட்டுப் பார்த்தேன், ஒரு நப்பாசைதான். ஒண்ணும் இல்லை. கடையில் நாலு பேர் முன்னாடி கேட்டா சொல்லிடுவா. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தவன்கிற மரியாதை இருக்கும்ல.

என்ன, தட்டி முடிச்சுட்டியா? திருமங்கலமே வரப்போகுது. வேணாம், இங்க வேணாம், பஸ்ஸில் எல்லாரும்... அமுக்கிட்டா.

கேட்டுச்சா அண்ணே? டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கும், சத்தத்தை முழுசா வச்சிருக்கா. நீங்களே சொல்லுங்க, என்ன சொல்லிச்சு? 'டேய் மாரீஸ். பாஸ்வேர்ட் சொல்ல மாட்டேன். கவர் வாங்கு. சிவப்புக் கவர்.'

சிரிக்காதீங்க. நீங்களும் சிரிக்காதீங்க அக்கா, முன்னாடி பார்த்து உட்காருங்க. இதில் சிரிக்க என்ன இருக்கு? பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல? இதுதான் ஐபோன். ஆண்ட்ராய்டா இருந்தா இப்படிப் பேசியிருப்பாளா? ஒரு வார்த்தை பேசியிருக்க முடியுமா?

என்னை ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

என்னடி, திரும்பவும் தட்டுறே? போதும். சொல்ல மாட்டே, அவ்வளவுதானே? சொல்லாதே. மதுரை வரைக்கும் போய்ச் சிவப்புக் கவர் வாங்கிட்டுத் திரும்பி வருவோம். ஊரே சிரிக்கட்டும். இவ்வளவு தூரம் வந்து... அமுக்கிட்டா. இந்தத் தடவை சின்ன வரிதான். 'பசிக்குது.' அது சரி, காலையில் ஒரு இட்லியோட எழுந்துட்டா. வேணாம் வேணாம்னா. அந்த வேணாமையும் அதில்தான் தட்டினா.

திருமங்கலம் வந்தாச்சு. நீங்க இருங்கண்ணே, அவ சாய்ஞ்சா கொஞ்சம் பிடிச்சுக்கங்க, பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பிடிங்க, இல்லைன்னா அதுக்கும் ஒரு வரி தட்டுவா. நான் இறங்கி எதாவது வாங்கிட்டு வந்துடறேன்.

அண்ணே! அண்ணே, அந்த ஜன்னல் ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. அரசி, இங்க பாரு. காராச்சேவு இருக்கு, மிக்சர் இருக்கு, மிளகாய் பஜ்ஜி சூடாப் போடுறாங்க. எது? தலையை ஆட்டாதே, எதுக்கு ஆட்டுறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் தெரியும்னு நினைச்சது போதும். தட்டு. தட்டித் தொலை. எது வேணும்னு நீயே சொல்லு.

கண்டக்டர் அண்ணே, விசில் அடிக்காதீங்க! டைம் ஆச்சுன்னா ஆகட்டும். கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, கண்ணு தெரியலையா உங்களுக்கு? என் தங்கச்சி பேசிக்கிட்டு இருக்கா!